மலைப்பக்கத்து ஓரமாக

என்னிடம் ஓர் அச்சுத்தாள் இருக்கிறது. ஓர் இணையப் பக்கத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்தது. இடப்பக்கம் எழுத்துகள். வலது விளிம்பில், பேனாவை எடுக்காமல் இழுத்தது போல ஒரே கோட்டில் அண்ணாமலை. தாளின் அடியில், கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொள்ளும் தேதி: 1980, ஜனவரி 1.

அந்தத் தேதி பொய். 1980இல் எங்கள் ஊரில் நானறிந்து ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. இந்தத் தாளை எனக்குக் கொடுத்தவரின் கடையில் இருந்த கம்ப்யூட்டரில், மணியையும் தேதியையும் நினைவில் வைத்திருக்கும் சின்ன பேட்டரி செத்துப் போயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது 1980க்குத் திரும்பிவிடும். செங்கம் ரோட்டில் கரண்ட் போகாத நாள் குறைவு.

நான் பத்திர எழுத்தர். தேதி பிசகிய பத்திரத்தால் எத்தனை குடும்பங்கள் கோர்ட்டு வாசலில் நின்றன என்று பார்த்தவன். எந்தச் சாலை எந்த வருடம் தார் கண்டது, எந்த டூரிங் டாக்கீஸ் எந்த மாதம் மூடியது என்று ஊரைப் பற்றிக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. அந்தக் குறிப்புகளைத் தட்டெழுதத்தான் 2002இல் அவருடைய கடைக்குப் போக ஆரம்பித்தேன். போன முதல் வாரமே சொன்னேன்.

"ஏம்மா, அந்த பேட்டரிய மாத்தக் கூடாதா? தேதி தப்பா காட்டுது."

"தேதி வேணும்னா உங்களைக் கேட்டுக்கறேன் சார்" என்றார். கடைசி வரை மாற்றவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தான் செய்த எந்தப் பக்கத்திலும் அவர் தன் பெயரைப் போட்டதில்லை. நான் மட்டும் போடுவது சரியாக இருக்காது.

*

செங்கம் ரோட்டில் ஆசிரமங்களைத் தாண்டினால் வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. அதன் மாடியில் அவருடைய பிரவுசிங் சென்டர். சுற்றிலும் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்ப வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க வருவார்கள். இது போக, லாட்ஜ்களுக்கும் கடைகளுக்கும் அவர் இணையப் பக்கங்கள் செய்து கொடுத்தார். அதுதான் அவருடைய உண்மையான வேலை. சென்னையில் ஒரு கம்பெனியில் அதையே சில காலம் செய்துவிட்டு வந்தவர்.

முதல் நாள் எனக்கு ஒரு மெயில் கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. கடையின் முகப்புப் பக்கத்தைத் திறந்து என்னை உட்கார வைத்தார். அதுவும் அவர் செய்த பக்கம்தான். பிறகு என் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் பார்த்தேன், பார்த்தேன், மெயில் என்ற சொல்லையே காணவில்லை. திரும்பினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா இருக்கு?"

கட்டிய கை அவிழவில்லை. மறுபடியும் தேடினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் கைநீட்டி உதவப் போனான். "தொடாதப்பா" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சொல்லிக் குடுத்தா இன்னா கொறைஞ்சா போயிடுவ?"

"நான் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு இன்னிக்கு வேலை முடியும் சார். நாளைக்கு வேற ஒருத்தர் இதே இடத்துல உக்காந்து முழிப்பாரு. எங்க நின்னீங்க, அதைக் காட்டுங்க."

திரையின் அடிப்பகுதியில் விரலை வைத்தேன். அதற்குக் கீழே இன்னும் பக்கம் இருக்கிறது, உருட்டிப் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பக்கம் அங்கேயே முடிந்துவிட்டது போல அழகாக, கச்சிதமாக இருந்தது. மறுநாள் போனபோது மாற்றியிருந்தார். திரையின் அடியில் ஒரு வரி பாதி வெட்டுப்பட்டு, எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. நான் என்னையறியாமல் கீழே உருட்டினேன்.

"பாதித் தலை தெரிஞ்சா முழு ஆளைத் தேடுவாங்கல்ல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க நின்னீங்க?" என்பதுதான் அவருடைய கேள்வி. பக்கம் எப்படி இருக்கிறது, நன்றாக இருக்கிறதா என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று நாமாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பஸ் நிலையத்தில் போர்டைப் பார்த்துக்கொண்டு யாராவது திகைத்து நின்றால், அவர் தன் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடையில் குடிதண்ணீர்ப் பானை ஒன்று வைத்திருந்தார். வருகிறவர்கள் தண்ணீர் எங்கே என்று கேட்பதை நிறுத்தும் வரை அந்தப் பானையை அறைக்குள் நகர்த்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அது நின்ற இடம் வாசலுக்கு நேர் எதிரே, எல்லோர் காலிலும் இடிபடும் இடம். ஒருவரும் அதன்பின் கேட்கவில்லை.

இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வயதானவர்கள் திணறும்போது கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கீழே சைக்கிள் கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "அந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கம்மி சார்." எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியது உண்டு.

இன்னொரு பழக்கம். மாலையில் ஐந்தரை ஆனால் கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் எதையும் வாயில் வைக்க மாட்டார். தண்ணீர்கூட. இதைச் சைக்கிள் கடைக்காரரிலிருந்து வெள்ளைக்காரர்கள் வரை அந்தத் தெருவில் எல்லோரும் அறிவார்கள். பின்னால் இது தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

*

அழகு அவருக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. போன் லைன் சற்று வேகமாக இருக்கும் விடியற்காலையில் வந்து, உலகத்தின் எங்கெங்கோ இருக்கும் பக்கங்களைத் திறந்து பார்ப்பார். பிடித்ததை அச்செடுத்து, கொடி கட்டி, துணி கிளிப்பால் தொங்கவிடுவார். கடைக்குள் நுழைந்தால் துவைத்துக் காயப்போட்டது போல இருக்கும். ஒருமுறை ஜப்பானிய மொழிப் பக்கம் ஒன்று தொங்கியது. வெள்ளைத் தாளில் மூலையில் நாலே எழுத்து.

"இதுல இன்னாம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். அதான் பாத்துக்கிட்டு இருக்கேன். எப்படி இவங்களுக்கு மனசு வந்துதுன்னு."

அன்று மத்தியானம் முழுவதும் வேலையில்லாமல் அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் மலையை வரைய ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். கிரிவலப் பாதையில் ஒவ்வொரு இடமாகப் போய் உட்கார்ந்து, அங்கிருந்து மலை எப்படித் தெரிகிறதோ அப்படி ஒரே கோட்டில் இழுத்து வருவார். கிழக்கிலிருந்து பார்த்தால் ஒரே முகடு. மேற்கே போனால் வேறு உருவம். சுற்றி வருகிறவர்களுக்கு மலை எப்போதும் வலப்பக்கம். அதனால் அவருடைய பக்கங்களிலும் அது வலப்பக்கமே நின்றது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் கோடு கொஞ்சம் மாறும். நடந்த மாதிரியே இருக்கும்.

*

2003இல் லாட்ஜ் முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்திலிருந்து அவருக்கு வேலை வந்தது. கிரிவலம் வருகிறவர்களுக்காக ஓர் இணையதளம். பாதை, தண்ணீர், கழிப்பறை, அறை வாடகை, பஸ். அவருக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான். இதைச் செய்து கொடுத்தால் மாவட்டம் முழுக்கப் பேர் தெரியும்.

சங்கத் தலைவர் நல்ல மனிதர், ஆசைக்காரர். திறந்தவுடன் திரை இருட்டாக இருக்க வேண்டும், சங்கு ஊத வேண்டும், மலை எழும்ப வேண்டும், உச்சியில் தீபம் எரிய வேண்டும் என்றார்.

"எரியட்டும் சார். கடைசில எரியட்டும். வர்றவன் முதல்ல பாத்ரூம் எங்கன்னுதான் கேப்பான்."

"ஏம்மா, சாமி சமாச்சாரத்துல பாத்ரூமை முன்னாடி வெக்கிறியே."

"பதினாலு கிலோமீட்டர் நடக்கறவனைக் கேட்டுப் பாருங்க."

அந்தச் சமயத்தில்தான் ஆபரேட்டர் வந்தார். 1989இல் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனபோது புதிதாக வந்த அலுவலகங்களில் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு தடவை கேட்ட குரலை மறக்க மாட்டார். மாடியில் பேசும் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று யாரோ சொல்லி, கோலைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார். இருந்தது உண்மை. பார்வை மங்கிய ஒரு வெளிநாட்டு அம்மாள், ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்ற சி.டி. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை அது வாய்விட்டு வாசிக்கும். இலவசப் பதிப்பு என்பதால் கொஞ்ச நேரம் பேசிவிட்டு நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி பேசும்.

ஆபரேட்டருக்கு ஓர் ஆசை. சிறு வயதிலிருந்து பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர். எப்போதும் யாராவது ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு.

"மச்சான் தோளைப் பிடிச்சிக்கினு சுத்தினா புண்ணியம் மச்சானுக்கா எனக்கா? அவன் வேற வழியெல்லாம் தன் கடையப் பத்தியே பேசிக்கினு வருவான். ஒரு பௌர்ணமியாவது யார் கையும் பிடிக்காம நானா சுத்தணும் மேடம்."

"கூட்டம் இல்லாத நாள்ல போங்களேன்" என்றேன் நான்.

"அதுக்கு எதுக்கு சார் கிரிவலம், வாக்கிங் போலாமே. எல்லாரும் போற அன்னிக்கு எல்லாரையும் போல போகணும்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. "பாதை பூரா எழுதித் தரேன். இங்க உக்காந்து கேட்டு மனப்பாடம் பண்ணிக்கங்க. உங்களால போக முடியலைன்னா அந்தப் பக்கம் சரியில்லைன்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து சங்கத்து வேலையும் ஆபரேட்டரின் ஆசையும் அவருக்கு ஒரே வேலையாகிவிட்டது.

*

பக்கத்தை இயந்திரம் வாசிக்க முதலில் கேட்டபோது பெரிய கேலிக்கூத்து. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துகள் கம்ப்யூட்டருக்குத் தமிழ் அல்ல. இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டவை. பார்ப்பவர்களுக்குத் தமிழாகத் தெரியும். வாசிக்கும் இயந்திரத்துக்கு வேஷம் தெரியாது. கன்னாபின்னாவென்று உளறியது. அவர் தமிழ்ச் சொற்களையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி இரண்டாவதாக ஒரு பக்கம் செய்தார். இயந்திரத்தின் குரல் அமெரிக்கக் குரல்.

ஆபரேட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளைக்காரச் சாமியார் பிரசங்கம் பண்ற மாதிரி இருக்கு மேடம். புரியுது, புரியுது. போகட்டும்."

போகவில்லை. ஆபரேட்டரே நிறுத்தினார். "இருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் முதல்ல முகப்பு, அறைகள், பஸ், தொடர்புன்னு வரிசையா சொல்லிட்டுத்தான் விஷயத்துக்கு வருது. வீட்டு வாசல்லயே நிக்க வெச்சு, உள்ள இருக்கற எல்லார் பேரையும் சொல்றீங்க. உள்ள எப்ப விடுவீங்க?"

அவர் அந்த வரிசையைத் தூக்கிப் பக்கத்தின் அடியில் போட்டார்.

அடுத்த வாரம் வேறு குறை. அவர் ஆசை ஆசையாக வரைந்த கோட்டுப் படங்கள். ஒவ்வொரு படம் வரும்போதும் இயந்திரம் 'மலை' என்றது. படத்துக்குப் பதிலாக இயந்திரம் வாசிக்க அவர் அப்படித்தான் எழுதியிருந்தார்.

"மலை, மலை, மலைன்னு சொல்லிக்கினே இருக்குது. மலை இருக்கறது எனக்குத் தெரியும் மேடம், அதைத்தானே சுத்தறேன்."

அதற்கு அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதினார். 'இங்கே மலை கிட்ட வருது, காத்து நின்னுடும்.' 'இங்கே தள்ளிப் போகுது, வலக் கன்னத்துல காத்து படும்.' ஆபரேட்டர் அதைக் கேட்டுவிட்டு வலக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

இப்படியெல்லாம் செய்தும் முதல் பௌர்ணமியில் தோல்வி. மாலையில் கிளம்பிய ஆபரேட்டர், பாதி தூரம்கூடப் போகாமல் ஆட்டோவில் திரும்பிவிட்டார். மறுநாள் கடைக்கு வந்தவர் சட்டைக் கையில் கிழிசல்.

"எங்க நின்னீங்க?"

"எங்க நிக்கல, அதைக் கேளுங்க. வளையல் கடையை மிதிச்சேன். அந்தம்மா எங்கப்பன் பாட்டன் எல்லாரையும் இழுத்துச்சு. அப்புறம் ஒரு சாமியார் சொம்பு. அப்புறம் அன்னதானக் கியூ. நான் சோறு வாங்க வந்திருக்கேன்னு தொன்னையக் கையில வெச்சுட்டான். பாவம், சுடச்சுட."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் கோலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். "விடுங்க மேடம். நம்ம ராசி மச்சான் தோள்தான்."

அவர் தன் பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தார். எல்லா இடத்திலும் 'இடது ஓரமாக' என்றே இருந்தது. எங்கள் ஊரில் அது வழக்கம். கிரிவலத்தில் சாலையின் இடப்பக்கமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இடம். பிறந்ததிலிருந்து கேட்பதால் அவரும் யோசிக்காமல் எழுதிவிட்டார், நானும் யோசிக்காமல் படித்துவிட்டேன். எல்லோரும் இடப்பக்கம் போவதால் கடையும் பந்தலும் தட்டும் சொம்பும் இடப்பக்கமே இருக்கும்.

"மலைப்பக்கத்து ஓரம் காலியா இருக்குமே" என்றார்.

"ஏம்மா, அது சித்தருங்க நடக்கற இடமாச்சே" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆபரேட்டர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "சித்தருங்க கண்ணு தெரியாதவனுக்கு ஒதுங்கி வழி விடுவாங்க சார். வளையல்காரம்மாதான் விட மாட்டேங்குது."

*

அதன்பின் பல பகல் பொழுதுகள் இரண்டு பேரும் பாதைக்குப் போனார்கள். பாதையோரத்து லிங்கங்களில் அக்னி லிங்கத்திலிருந்து அடுத்த எம லிங்கம் வரை ஒருநாள் நானும் போனேன். ஆபரேட்டர் முன்னால், மலைப்பக்கத்து விளிம்பில் கோலைத் தட்டிக்கொண்டு. அவர் பத்தடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. சாலை சரிந்து தார் முடியும் இடத்தில் ஆபரேட்டர் தடுமாறி முழங்கால் மடங்கியபோது நான் ஓடினேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆபரேட்டர் தானாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அப்போதுதான் என்னை இழுத்தவரின் கைகளைப் பார்த்தேன். ஒரு கை மற்றதன் மணிக்கட்டை அழுத்திய இடம் சிவந்திருந்தது. ஈரம் கம்மி என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

பக்கம் மறுபடி எழுதப்பட்டது. பௌர்ணமி அன்று மைக் செட் சத்தத்தில் காது உதவாது. அதனால் கால் அறியக்கூடியதும் கை தொடக்கூடியதும் மட்டும். மதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சிறுபாலம் எங்கே, சாலை எங்கே இறங்குகிறது. முதல் வரி: 'கண் தெரியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், தனியாக வரும் வயதானவர்கள் மலைப்பக்கத்து ஓரமாக நடக்கலாம்.'

சங்கத் தலைவர் பார்க்க வந்த அன்று நான் இருந்தேன். எல்லாம் பார்த்தார். அந்த வரியில் வந்து நின்றார்.

"இது வேணாம்மா."

"ஏன் சார்?"

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு நாலு பெரியவங்க வந்து, லாட்ஜ்காரன் எப்படி கிரிவலத்தை மாத்தலாம்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்? நான் இந்த ஊர்ல இருக்கணும்மா."

"நடக்கணும்னு போடல சார், நடக்கலாம்னு போட்டிருக்கேன்."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதோ பாரு. சங்கு வேணாம். தீபம் வேணாம். பாத்ரூமை முதல்ல வெச்சுக்கோ. எல்லாம் உன் இஷ்டம். இந்த ஒரு வரி மட்டும் எடுத்துடு. வேலை உன்னுது."

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வேலையை எடுத்துக்கொள்வார் என்றே நினைத்தேன். சொல்லப்போனால், எடுத்துக்கொள்ளம்மா என்று கண்ணாலேயே சொன்னேன். அவர் கொடியில் தொங்கிய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டா மிச்சமெல்லாம் ரொம்ப அழகா இருக்கும் சார். ஆனா அவரு பாதி வழில ஆட்டோ ஏறி வருவாரு."

"ஒரு ஆளுக்காகவா?"

"ஒரு ஆளு நின்ன இடம் எனக்குத் தெரியும். இன்னும் எத்தினி பேரு நின்னாங்கன்னு தெரியாது."

தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். கோபமாகப் போகவில்லை. அந்த வேலையைச் சென்னைக் கம்பெனி ஒன்று செய்தது. அதில் மலை எழும்பியது, தீபம் எரிந்தது. மாடிக் கடையின் போன் லைனில் அது எரிந்து முடிக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அவர் தன் பக்கங்களை இணையத்தில் ஓர் இலவச இடத்தில் ஏற்றினார். இலவசம் என்பதால் தலையில் விளம்பரம் வரும். இயந்திரம் அதையும் வாசிக்கும். "எம லிங்கத்துக்கு முன்னாடி ஒருத்தன் கார் விக்கறான் மேடம், வாங்கிடலாமா?" என்பார் ஆபரேட்டர். அவர் சிரிக்காமல், "முதல்ல நடங்க" என்பார்.

*

2004, ஆவணிப் பௌர்ணமி. அன்று நான் ஊரில் இல்லை. வேலூரில் ஒரு கல்யாணம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து நேராகக் கடைக்குப் போனேன். ஆபரேட்டர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். காலில் புழுதி கழுவவில்லை.

அவர் கேட்டார்: "எங்க நின்னீங்க?"

"எங்கயும் நிக்கல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"குபேர லிங்கத்துகிட்ட நின்னேன். டீ குடிக்க."

"அது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். பானை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. தரையெல்லாம் ஓடியது. முகம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். கடைக்குள் செருப்புப் போடாதவர், அன்று செருப்பைக் கழற்றாமல் இருந்தார். கிரிவலம் போகிறவர்கள் வெறுங்காலில்தான் நடப்பார்கள்.

கீழே இறங்கியபோது சைக்கிள் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். பௌர்ணமி அன்று அவர் பாதையில் மேஜை போட்டு டீ விற்பவர்.

"இன்னா சார், சங்கதி தெரியுமா? நம்ம மேடம் அவரு பின்னாலயே வந்துச்சு. இவரு என் மேஜைல டீ குடிக்கறாரு, அது தள்ளி மரத்தடில கையக் கட்டிக்கினு நிக்குது. ஒரு டீ எடுத்துக்கினு போனேன். வேணாம்னு தலையாட்டிச்சு. பொழுது போனா அது எதுவும் தொடாதே!"

வலுவான சாட்சியம் என்று நினைத்தேன். யோசித்தால் அத்தனை வலு இல்லை. அந்தப் பழக்கம் தெருவுக்கே தெரியும். கதை கட்ட நினைப்பவரும் அதைத்தான் சேர்ப்பார். சைக்கிள் கடைக்காரர் கதை கட்டாதவர் என்றும் சொல்ல முடியாது.

அன்று மாலை மாடிக்குப் போய், பாதைக்கு வந்தீர்களா என்று அவரிடமே கேட்டேன்.

"நான் கடைல இருந்தேன் சார். உக்காந்து பக்கத்தையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன். இந்தாங்க, உங்க ஃபைல்ல வெச்சுக்கங்க."

ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அடியில் பார்த்தேன்.

"தேதி தப்பா இருக்கேம்மா."

"மத்ததெல்லாம் சரியா இருக்கா, பாருங்க."

ஆபரேட்டரைத் தனியாகப் பிடித்தேன். பின்னால் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"பௌர்ணமி அன்னிக்குப் பின்னால ஆளு வராம இருக்குமா சார்?"

"அவங்க வந்தாங்களான்னு கேக்கறேன். குரலை வெச்சே ஆளைச் சொல்றவராச்சே நீங்க."

"பேசினாத்தானே குரல்." சற்று நேரம் கோலின் நுனியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார். "வந்திருந்தா, ஒரு இடத்துலகூட என்னைத் தொடல. நான் தனியாத்தான் சுத்தினேன். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அதன்பின் ஆபரேட்டர் பல பௌர்ணமிகள் தனியாகச் சுற்றியது உறுதி. ஒருமுறை நானே பின்னால் போய்ப் பார்த்தேன். சிறுபாலத்தருகே அவர் கோல் ஒரு கல்லில் சிக்கியபோது, என் கைகளைப் பின்னால் கட்டி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் 2006இல் கடையைக் காலி செய்துகொண்டு போனார். அந்த இலவச இடமும் பிறகு மூடப்பட்டது. பக்கங்கள் இப்போது எங்கும் இல்லை. இந்த ஒரு தாளில் இருப்பது மட்டும்தான் மிச்சம். அதன் முதல் வரி, 'மலைப்பக்கத்து ஓரமாக நடக்கலாம்' என்று முடிகிறது.

2004 ஆவணிப் பௌர்ணமி மாலையில் அவர் கடையில் இருந்தாரா, பாதையில் இருந்தாரா என்பது இதுவரை உறுதியாகவில்லை. கடையில் இருந்ததற்கு இந்தத் தாளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இது 1980 என்கிறது.